மதாம்மாவுக்குச் சொல்ல ஆறு வாக்கியங்கள்

என் பிலோ கண்ணு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகப்போகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒப்பாரியாகத்தான் வரும் என்று தெரியும். அழுமூஞ்சிகளைக் கண்டால் உனக்கு ஆகாது என்பதும் தெரியும். இன்றைக்கு எழுதுகிறேன் என்றால், சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் பிரெஞ்சு பேசிவிட்டேன்டி. முழுசாக ஒரு வாக்கியம், அதற்கு அவர்கள் சொன்ன பதில், அந்தப் பதிலுக்கு நான் சொன்ன பதில். ஒத்தவாடைத் தெருவில், பட்டப்பகலில், சங்கு மாலை விற்கிற கஸ்தூரி, ஐம்பத்திரண்டு வயதில்!

சிரிக்கிறாயா? சிரி. முதலில் எல்லாரும் சிரிக்கத்தான் செய்தார்கள்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்லிப் பார்க்கப் பிடிக்கிறது. இருபத்தொரு வருஷம் உன் கடையும் என் கடையும் ஒட்டிக்கொண்டு இருந்தன. உன்னுடையது துணிப்பையும் பருத்திச் சட்டையும், என்னுடையது சங்கும் மாக்கல் யானையும். இங்கிலீஷ் பேசுகிறவர்கள் வந்தால் நானே சமாளித்துவிடுவேன். பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் திரும்பி ஒரு குரல் கொடுப்பேன், நீ உன் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்பாய். உன் வாயிலிருந்து அந்த பாஷை கொட்டும். என் யானையை விற்றுக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் அவர்களை உன் கடைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடுவாய். உன்னைப் பெரிய படிப்பாளி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நீ போய் ஒரு மாதம் கழித்து என் கடையில் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் வந்து நின்றது. நான் வழக்கம்போலத் திரும்பி, "பிலோ, இங்க வா மே" என்று கூப்பிட்டேன். சத்தமாகவே கூப்பிட்டேன். உன் கடை இருந்த இடத்தில் அப்போதுதான் ஜூஸ் கடை வைத்திருந்தார்கள். அந்த ஜூஸ்காரர் எட்டிப் பார்த்து, யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நான் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

வீட்டில் படுத்துக்கிடந்தபோதுதான் மொனிக் மதாம்மாவின் நினைவு வந்தது. பதினைந்து வருஷமாகப் பொங்கல் முடிந்ததும் வந்து இறங்குவாரே, தெருக்கோடி லாட்ஜில் இரண்டு வாரம் தங்கி, மத்தியானம் முழுக்க உன் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து உன்னோடு பேசிக்கொண்டே இருப்பாரே, அவர். நீ போனது அவருக்குத் தெரியாது. போன் நம்பர் வாங்கி வைக்க வேண்டும் என்று உங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. தை பிறந்தால் அவர் வருவார், நீ இருப்பாய், அதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டீர்கள். லாட்ஜிலும் கேட்டுப் பார்த்தேன், அங்கேயும் நம்பர் இல்லை. அப்படியென்றால் தையில் அவர் வந்து ஜூஸ் கடை வாசலில் நிற்கும்போது யார் சொல்வது? என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

உன் மகன் ஜெரால்டுதான் வழி சொன்னான். தமிழில் பேசினால் போனே பிரெஞ்சில் மாற்றிச் சொல்லிவிடுமாம். "இதுக்குப் போயி ஏன் அத்த பேஜாரு படற?" என்று என் கையில் போனைக் கொடுத்தான். நானும் வாயருகே வைத்து, பிலோ செத்துட்டா என்றேன். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் இனிக்க இனிக்க என்னவோ சொன்னது. செங்கல்பட்டு ஜங்ஷனில் ரயில் தாமதமாக வரும் என்று சொல்லுமே, அதே குரல்போல இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போனை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"சாவு சேதி மனுசங்க வாயால வரணும்டா. மூஞ்ச பாத்து சொல்லணும். நானே சொல்றேன்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்குத் தெரிந்த பிரெஞ்சு 'போன்ஷூர்' ஒன்றுதான். தைக்கு ஏழு மாதம் இருந்தது.

செங்கல்பட்டில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு செல்போன் கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரெஞ்சு வகுப்பு நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை! மெட்ராஸிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிற நாள். என் வீட்டுக்காரருக்கு மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டுகிற வேலை, ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அவரிடம் கடையில் உட்காரச் சொன்னேன். "பிலோவே பூட்டா. நீ யாராண்ட பிரெஞ்சு பேசப்போற?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். கடைச் சாவியை எங்கே மாட்டியிருக்கிறேன் என்று கேட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் பாழ்தான். இந்தச் சங்கை ஊதினால் சத்தம் வராதம்மா, சும்மா அழகுக்குத்தான் என்று உண்மையைச் சொல்லி அனுப்பிவிடுவார்.

முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். டீச்சர் என்று நினைத்துவிட்டார்களாம். டீச்சர் இல்லை என்று தெரிந்ததும் ஒருத்தன், யாருக்கு ஆன்ட்டி சாப்பாடு கொண்டு வந்திருக்கீங்க என்று கேட்டான். எல்லாம் கார் பாகம் செய்கிற கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள், நர்சிங் முடித்த பெண்கள். ஒவ்வொருத்தருக்கும் வெளிநாடு போக ஒரு காரணம் இருந்தது. டீச்சர் பேர் நிவேதா, கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருகிற பெண், என் மகளைவிட நாலு வயது சின்னவள். நான் அவளை மிஸ் என்பேன், அவள் என்னை ஆன்ட்டி என்பாள். எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். வேலை, மேல்படிப்பு, கல்யாணம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். என் முறை வந்தபோது, ஒரு சாவைச் சொல்ல வேண்டும் மிஸ் என்றேன்.

பிலோ, இந்த பாஷை இருக்கிறதே, அதை என்னவென்று சொல்ல! மீன் முள் தொண்டையில் சிக்கினால் காறுவோமே, அந்த இடத்திலிருந்து 'ர' வர வேண்டும். முதல் மாதம் முழுக்க எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எழுதுகிற எழுத்தில் பாதியை வாயில் சொல்லக் கூடாது. அதைவிட வேடிக்கை, அங்கே உயிரில்லாத சாமானெல்லாம்கூட ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கிறது. கடல் பெண். கடற்கரையும் பெண். ஆனால் மணல் ஆண். கடை பெண், அதில் தொங்குகிற பை ஆண். நான் அந்த வாரம் முழுக்க ஒத்தவாடைத் தெருவில் நடந்துபோகிற வழியெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து நீ ஆணா, நீ பெண்ணா என்று கேட்டுக்கொண்டே போனேன். ஐம்பது வருஷமாகப் பார்த்த தெரு புதுசாக இருந்தது. சாவு என்ன என்று மிஸ்ஸிடம் கேட்டேன். பெண்தானாம். எனக்கு என்னவோ அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஆறாவது வாரம், நீ கடையில் பேசுவதை நான் அப்படியே மிஸ்ஸிடம் பேசிக் காட்டினேன். இருபத்தொரு வருஷம் கேட்டது, ஒரு எழுத்து பிசகாமல் ஞாபகம் இருந்தது. மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். விலை குறைவு, ரொம்ப அழகு, பருத்தி, பாருங்கள், நீலம், சிவப்பு, என் தோழி, நல்ல கடை, நாளைக்கு வாங்க. திருப்பித் திருப்பிப் போட்டாலும் மொத்தம் நாற்பது வார்த்தைகூடத் தேறவில்லை. நாற்பது வார்த்தையை வைத்துக்கொண்டாடி இந்தத் தெருவையே ஏய்த்தாய்? பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும்தான் உறைத்தது. நாற்பது வார்த்தையில் பதினைந்து வருஷம் அந்த மதாம்மாவோடு மத்தியானம் முழுக்க என்ன பேசினாய்?

ஒன்பதாவது பாடம் கடைக்குப் போவது. மிஸ் கடைக்காரி, நாங்கள் ஒவ்வொருத்தராகப் போய்ப் பை வாங்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் அவள் சொன்ன விலைக்குச் சரி, நன்றி என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எனக்கு வயிறெரிந்தது. என் முறை வந்ததும் அவள் சொன்னதில் பாதியைச் சொன்னேன். புத்தகத்தில் அந்த விலைதான் ஆன்ட்டி என்று கிசுகிசுத்தாள். நான் விலை அதிகம் என்று பிரெஞ்சில் அழுத்தமாகச் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பெஞ்சு தாண்டி, கதவு தாண்டி, மாடிப்படியில் இறங்க ஆரம்பித்தேன். நம் கடையில் நாலாவது அடி வைப்பதற்குள் கூப்பிட்டுவிடுவோம் இல்லையா? நாலு படி இறங்கி நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. மெதுவாக ஐந்தாவது படியும் இறங்கினேன். உள்ளே சத்தமே இல்லை.

மிஸ் ஓடி வந்தாள், முகம் வெளுத்துப்போய். "ஆன்ட்டி, கோச்சிக்கிட்டீங்களா?" என்றாள்.

"கூப்புடு மிஸ்," என்றேன். "நீ கூப்ட்டாத்தான நான் திரும்பி வர முடியும்."

அப்புறம் அந்த வகுப்பில் சிரித்த சிரிப்பு கீழே செல்போன் கடைவரைக்கும் கேட்டிருக்கும். அன்றைக்கு எல்லாரையும் மறுபடியும் வாங்க வைத்தாள். ஒவ்வொருத்தராகப் படியில் இறங்க, மிஸ் கூப்பிட, திரும்பி வர என்று ஒரே ரகளை. அன்றையிலிருந்து பிள்ளைகள் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நானும் பயந்து பேசாமல் இருந்ததை விட்டுவிட்டு, தப்போ சரியோ வாயைத் திறந்து பேசத் தொடங்கினேன்.

ஆனால் நான் வந்த காரியம் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. மூன்றாவது வாரமே மிஸ்ஸிடம் கேட்டுவிட்டேன், இறந்துவிட்டாள் என்று எப்படிச் சொல்வது என்று. முடிந்துபோன காரியத்தைச் சொல்வது பதினைந்தாவது பாடம் ஆன்ட்டி, அதற்கு முன்னால் சொன்னால் குழம்பிவிடும் என்றாள். ஐப்பசி மழையில் ரெண்டு வாரம் வகுப்புக்கே போக முடியவில்லை. படித்ததெல்லாம் மறந்துபோய், இந்த வயசில் எனக்கு எதற்கு இது என்று நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டேன். அதை எடுத்துக் கொடுத்தது என் வீட்டுக்காரர். "தை வந்துகினே கீது" என்று அவ்வளவுதான் சொன்னார். கார்த்திகையில் பதினைந்தாவது பாடம் வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். பிறந்தாள், வந்தாள், ஏறினாள், விழுந்தாள், போனாள், இறந்தாள் எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மிஸ் வந்து என் தோளில் கை வைத்தாள்.

அன்றைக்கு அவளும் நானும் உட்கார்ந்து ஆறு வாக்கியம் எழுதினோம். மதாம், உட்காருங்கள். பிலோ மே மாதத்தில் இறந்துவிட்டாள். வயிற்றில் நோய். நாங்கள் பக்கத்தில் இருந்தோம். மாதா கோயில் கல்லறையில் இருக்கிறாள். உங்களைப் பற்றிப் பேசினாள். இவ்வளவுதான். மார்கழி முழுக்க இதையே மனப்பாடம் செய்தேன். பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டு வருவேன். பக்கத்து சீட்டு அம்மா ஏதோ மந்திரம் என்று நினைத்து, நான் நிறுத்துகிற இடத்திலெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இப்போது கேள். காணும் பொங்கல் கூட்டமெல்லாம் வடிந்து மூன்றாவது நாள், மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். ஜூஸ் கடைக்கு முன்னால் மதாம்மா நின்றுகொண்டிருந்தார். அதே தொப்பி. கையில் புதிதாக ஒரு ஊன்றுகோல். ஜூஸ் கடையைப் பார்க்கிறார், தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்க்கிறார், மறுபடியும் ஜூஸ் கடையைப் பார்க்கிறார். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். கையைப் பிடித்து என் கடைக்குக் கூட்டி வந்தேன். முதல் வாக்கியம் கணீரென்று வந்தது. உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், பிலோ எங்கே என்று கேட்டார்.

ரெண்டாவது வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது, பிலோ. சத்தியமாக மறக்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். வெயிலில் காய்ந்து, உதடு வெடித்து, பாண்டிச்சேரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறார். நான் வாயைத் திறந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டேன். இல்லை என்றார். அப்புறம் எப்படிடி சொல்வேன்? பட்டினியோடு இருக்கிறவரிடம் எப்படிச் சாவைச் சொல்வது? சொல்லிவிட்டால் அப்புறம் ஒரு வாய் இறங்குமா? கருங்குழியில் உன் அம்மா போனபோது போன் எனக்குத்தான் வந்தது. உன்னை ரெண்டு இட்லி சாப்பிட வைத்துவிட்டுத்தான் சொன்னேன். என்னைத் தின்ன வைத்துவிட்டுச் சொன்னாயே என்று பத்து வருஷம் திட்டினாய். ஆனால் கல்லறைக்குப் போய் வரும்வரை அந்த ரெண்டு இட்லிதான் உன்னை நிற்க வைத்தது.

எதிர் மெஸ்ஸிலிருந்து தயிர்சோறும் வாழைப்பழமும் வாங்கி வந்தேன். முதலில் சாப்பிடுங்கள் என்றேன். பிலோ எங்கே என்றார். அப்புறம் என்றேன். அவர் சிரித்தார். நீ எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறாய், நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து ஏதோ வேடிக்கை பண்ணுகிறோம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நீ சொல்லிக்கொடுத்தபடி கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். பாதிச் சோற்றில், இடது கையால் பையைத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார். பிலோவுக்கு, அவள் வருவதற்குள் பார் என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டினார்.

பிரித்தேன். உன் படம். போன தையில் அவர் எடுத்தது, பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, மரச்சட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். நீ மட்டும் தனியாக, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாய். நம் ஊரில் ஒருத்தரைத் தனியாக அப்படிச் சட்டம் போட்டு எப்போது வைப்போம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? உனக்கு நல்ல படமே இல்லாமல், ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டோம். அதில் நீ போலீஸில் பிடிபட்டவள் மாதிரி முழிப்பாய். ஜெரால்டு அதைப் பார்க்கும்போதெல்லாம், அம்மா இப்படியா இருந்தா என்று அழுவான். இப்போது கடல் தாண்டி உன் சிரிப்பு வந்து என் மடியில் கிடக்கிறது. எனக்குத் தாங்கவில்லை. கண்ணாடி மேலேயே கண்ணீர் சொட்டிவிட்டது.

மதாம்மாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் நான் சொன்னேன். ஏழு மாதம் இதற்காகத்தானே படித்தேன்? அவர் முகத்தைப் பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாக, மிச்சமிருந்த ஐந்தையும் சொல்லி முடித்தேன். குரல் உடைந்தது, வார்த்தை உடையவில்லை.

அவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் படத்தையே பார்த்தார். பிறகு மடமடவென்று பேச ஆரம்பித்தார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மெதுவாக, தயவுசெய்து மெதுவாக என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் பிரெஞ்சு பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். பாதியைக் காதால் வாங்கினேன், பாதியை அவர் கையசைவில் வாங்கினேன். பிடிபடாததை நோட்டில் எழுதித் தரச் சொல்லி, சாயந்தரம் மிஸ்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன்.

உங்கள் ரெண்டு பேருக்கும் பொதுவாக இருந்த வார்த்தைகள் அஞ்சு நிமிஷத்தில் தீர்ந்துவிடுமாம். அப்புறம் நீ தமிழில் பேசுவாயாம், அவர் பிரெஞ்சில் பேசுவாராம். ஒருத்தர் சொல்வது ஒருத்தருக்குப் புரியாது. அவர் வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனதை, சொந்தத் தங்கையிடம்கூடச் சொல்லாமல் உன்னிடம்தான் சொன்னாராம். புரியாதவளிடம் எதையும் சொல்லலாம் இல்லையா என்றார். அடிப் பாவி, பதினைந்து வருஷம் நான் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து பொறாமைப்பட்டது இதற்காகவா?

பிறகு அவர் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தார். போன தையில் ஒரு நாள் நீ இப்படித்தான் செய்தாயாம். அவர் கையை உன் வயிற்றில் வைத்து, ரொம்ப நேரம் பேசினாயாம், அழுதாயாம். ஒரு பையை எடுத்துக் காட்டச் சொல்லி யாரோ வந்ததும், முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் விற்றாயாம். ஒரு குழந்தையை இழந்த கதையைச் சொல்கிறாய் என்று அவர் நினைத்தாராம். "நான் உய், உய் என்றேன், கஸ்தூரி. ஆமாம், ஆமாம் என்றேன்" என்று சொல்லி அழுதார்.

தையிலேயே உனக்குத் தெரியும். எனக்கு நீ சொன்னது பங்குனிக் கடைசியில். ரெண்டு மாதம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் டிபனில் பங்கு போட்டுத் தின்றுகொண்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அந்த நிமிஷம் உன்மேல் வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். நீ இருந்திருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன். ஏன்டி எனக்குச் சொல்லவில்லை? நான் தெருவையே கூட்டி ஒப்பாரி வைத்துவிடுவேன் என்றா? வைத்திருப்பேன்தான். அப்படியே உன்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் ஓடியிருப்பேனே. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும், ஆனால் அவர்களுக்குப் புரியவும் கூடாது. உனக்கு அந்த மதாம்மா அதற்காகத்தான் வேண்டியிருந்தாரா?

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குப் புரிந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று கேட்டார்.

என் நோட்டில் இதற்கு வாக்கியம் இல்லை, பிலோ. மிஸ் சொல்லித்தரவும் இல்லை. எழுபத்துநாலு வயதில் ஒரு பெண் இத்தனை தூரம் வந்து, தான் தப்புச் செய்துவிட்டேனா என்று என்னிடம் கேட்கிறார். நான் என்ன சொல்கிறேனோ அதை மூட்டை கட்டிக்கொண்டுதான் ஊருக்குத் திரும்பப் போகிறார். நான் யோசிக்கவில்லை. இல்லை மதாம் என்றேன். அவள் மனசில் இருந்ததைச் சொன்னாள், நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள், அது அவளுக்கு வேண்டியிருந்தது என்றேன். தப்போ சரியோ, இருந்த வார்த்தைகளைப் போட்டுச் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். மெர்சி, நன்றி என்றார். முதல்முதலாக, பாடத்தில் இல்லாததை நானாகக் கோத்துச் சொன்ன பிரெஞ்சு அதுதான்.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் நான் எதிர்பாராதது. ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இப்போது நீ பேசு. உன் பாஷையில்" என்றார். நான் பேசினேன்டி. ஒன்பது மாதமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம். ஜெரால்டு முன்னால் அழக் கூடாது, வீட்டுக்காரர் முன்னால் அழக் கூடாது என்று அடைத்து வைத்திருந்ததையெல்லாம் தமிழில் கொட்டினேன். உன்னைத் திட்டினேன். உன் மேல் எனக்கு இருந்த ஆசையைச் சொன்னேன். ரெண்டு பேர் யானை விலை கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள், நான் எழுந்திருக்கவே இல்லை. மதாம்மா என் கையை விடாமல், உய், உய் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீ எதைக் கண்டு அந்த ஸ்டூலைப் போட்டு வைத்திருந்தாய் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் கல்லறைக்கு ஜெரால்டு கூட்டிப்போனான். அவர் பேசினதை அவனுக்குத் தமிழில் சொன்னது யார் என்று நினைக்கிறாய்? நான்தான்! அவன் சொன்னதை அவருக்குப் பிரெஞ்சில் சொன்னதும் நான்தான். நடு நடுவே திணறினேன், கையைக் காலை ஆட்டினேன், ஆனாலும் உன் பிள்ளை சொன்னது அவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆதார் படத்தை இறக்கிவிட்டு உன் சிரிப்பை மாட்டியாகிவிட்டது. நேற்று அவரைப் பஸ் ஏற்றிவிட்டேன், இந்தத் தடவை நம்பரும் வாங்கிக்கொண்டேன்.

இன்றைக்குக் காலையில் ரெண்டாவது நிலை வகுப்புக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்து, கடையில் கூட்டமில்லாத நேரத்தில் இதை எழுதுகிறேன். உனக்கு ரெண்டு வாக்குக் கொடுக்கிறேன், பிலோ. எனக்கு எங்கேயாவது வலித்தால், புரிகிறவர்களிடம், புரிகிற பாஷையில், அன்றைக்கே சொல்லிவிடுவேன். இன்னொன்று, அடுத்த தைக்குள் நான் நன்றாகப் பிரெஞ்சு படித்துவிடுவேன். மதாம்மா பதினைந்து வருஷமாக உன்னிடம் சொன்னதை எல்லாம் முதலிலிருந்து என்னிடம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஒன்று விடாமல் கேட்டு வைத்துக்கொண்டு, கல்லறைக்கு வந்து, உனக்குத் தமிழில் சொல்கிறேன். அந்த ஸ்டூல் பக்கத்தில் உட்கார்ந்து எதற்கெல்லாம் மண்டையை ஆட்டினாய் என்று நீயும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இப்படிக்கு,
உன் பக்கத்துக் கடைக்காரி, உன் ஜெரால்டுக்கு அத்தை,
கஸ்தூரி